இருபதுல வெச்சிருக்கறேன்

சன்னலைச் சாத்தாதீங்க. குளிரு வருதுன்னு தெரியுதுங்க, குஞ்சப்பனை தாண்டுனா இன்னும் வரும். வரட்டும். நான் பழகிட்டிருக்கறேன்.

குல்லாயைப் பார்த்துச் சிரிக்கறீங்களா? சிரிங்க, தப்பே இல்லை. மேட்டுப்பாளையத்துல ஏறும்போது கண்டக்டரும் சிரிச்சாரு, அக்னி நட்சத்திரத்துல இதென்னங்க மங்கி குல்லான்னு. நான் திருப்பூர்ல என்ற ஊட்டு ஹால்லயே ஒரு வாரமா இதைப் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கறேன். வெளிய நாப்பது டிகிரி, உள்ள நான் குல்லாயோட. பால் ஊத்தற அம்மா பார்த்துப்போட்டு, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களான்னு கேட்டுது.

நீங்களும் கோத்தகிரிதானா? நல்லதாப் போச்சு. நான் சம்சாரத்தைக் கூட்டியாறப் போறேன். நேத்து அவ ஒரு கேள்வி கேட்டா. எங்கிட்ட இல்லீங்க, மககிட்ட. அதைக் கேட்டதுல இருந்து எனக்குக் கால் தரையில படலை. காலைல பல்லு வெளக்கும்போது சிரிப்பு வந்து பேஸ்ட்டை முழுங்கிட்டேன். என்ன கேள்வின்னு சொல்றேன், ஆனா மொதல்லயே சொன்னா உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. வரிசையாச் சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். சாயப்பட்டறை மாஸ்டர். முப்பத்தோரு வருசம் பனியன் துணிக்குச் சாயம் போட்டவன். சாயத்துல கலரு பெருசில்லீங்க, சூடுதான் பெருசு. அறுபதுல நிக்க வேண்டிய தண்ணி அறுபத்திரெண்டுக்குப் போச்சுன்னா, நீங்க கேட்ட நீலம் ஒண்ணு, வர்ற நீலம் ஒண்ணு. அதனால மத்த மாஸ்டருங்க மீட்டரைப் பார்ப்பாங்க. நான் விரலைப் பார்ப்பேன். இந்த ஆள்காட்டி விரலு. தொட்டில சுருக்குன்னு விட்டு எடுத்தா டிகிரி சொல்லிப்போடுவேன். அறுபது வரைக்கும் விரலு, அதுக்கு மேல ஆவியைப் பார்த்தே சொல்லுவேன். ஒரு தடவை மீட்டரு அம்பத்தெட்டுன்னு காட்டுச்சு, நான் அறுபத்தொண்ணுன்னேன். மீட்டரைக் கழட்டிப் பார்த்தா மீட்டருதான் கோளாறு. அதுக்கப்பறம் மொதலாளி என்ற விரலுக்கு ஒரு சந்தனக் காப்பு நடத்தோணும்னு சொல்லிச் சிரிப்பாரு.

ரிட்டயர்டு ஆகறதுக்கு மின்னாடியே ஊடு கட்டிப்போட்டேன். அந்த ஊட்டுலதானுங்க தொட்டி. மீன்தொட்டி. மேசை மேல வெக்கற தொட்டின்னு நெனைச்சுக்காதீங்க. ஹாலுக்கும் படுக்கற ரூமுக்கும் நடுவால இருக்கற சுவத்துல பத்தடி நீளத்துக்குக் கண்ணாடி, சுவத்தோட சுவரா. இக்கட்டாலயும் பார்க்கலாம், அக்கட்டாலயும் பார்க்கலாம். ஆயிரத்தி ஐநூறு லிட்டரு. முப்பது வருசம் தொட்டி பார்த்தவனுக்குத் தொட்டி இல்லாம இருக்க முடியலீங்க. அதுவும் துணி போடாத தொட்டி, உசுரு நீந்தற தொட்டி.

அந்த எடத்துல சாந்தாமணி சன்னல் கேட்டா. சாந்தாமணிங்கறதுதான் சம்சாரம். ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவால ஒரு பெரிய சன்னல் வெச்சா மேக்காலக் காத்து நேரா ஊடு பூராப் பூந்து வருமுங்கன்னு சொன்னா. நான் என்ன பண்ணுனேன்? சன்னலுக்கு மிஞ்சிப் போனா நாலடிக் கண்ணாடி. நான் பத்தடிக் கண்ணாடியே வெச்சுக் குடுத்துட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை. சந்தோசத்துல பேச்சு வர்றதில்லை பாருங்க, சில பேருக்கு.

மீனு என்ன மீனுன்னு கேக்கலையே நீங்க. டிஸ்கஸ். வட்டமா, சின்னச் சாப்பாட்டுத் தட்டாட்ட இருக்கும். செகப்பு ஒண்ணு, நீல வரி ஓடுனது ஒண்ணு. கலரைப் பார்த்தா நம்ம பட்டறைல எவனாலும் போட முடியாத சாயம். அந்த மீனுக்கு ஒரே ஒரு பிடிவாதம், தண்ணி இருபத்தொம்பதுல நிக்கோணும். முப்பத்தொண்ணு போனா மேல வந்து வாயைப் பொளக்கும். இருபத்தாறுக்கு எறங்குனா கருத்துப்போயி மூலைல ஒண்டிக்கும். மீன் கடை அன்வரு சொன்னாரு, மாஸ்டர், திருப்பூர் வெயில்ல இது நடக்கற காரியமில்லீங்க, கப்பி மீனு வளத்துங்கன்னு. எங்கிட்டயாங்க சூட்டைப் பத்திப் பேசறது?

மொத வருசம் சித்திரை. தண்ணி முப்பத்திமூணு. நான் தொட்டி மேல ரெண்டு ஃபேனைத் திருப்பி வெச்சேன். காத்து மேல ஓடுனா தண்ணி குளுந்துருமுங்க, பானைத் தண்ணி சமாச்சாரந்தான். ரெண்டே மணி நேரத்துல இருபத்தொம்பது. நான் ஹால்ல தனியா நின்னு கை தட்டுனேன்.

ஆனா அந்தத் தண்ணி எங்க போகும்? ஒரு நாளைக்கு ரெண்டு கொடம் ஆவியாப் போச்சுங்க. ஊட்டுக்குள்ளதான் போச்சு. அப்பளம் பொரிச்சு எலைல வெக்கறதுக்குள்ள துணியாட்ட மடியுது. தீப்பெட்டி உரசுனா மருந்து குச்சியை விட்டுட்டு வருது. உப்பு ஜாடில உப்பு இல்லை, தண்ணி இருக்குது. ரூம் கதவு ஊதிப்போயி, ஒரு தடவை சாத்துனதை நானும் சாந்தாமணியும் உள்ள இருந்து தள்ளி, எதுத்த ஊட்டுக்காரரு வெளிய இருந்து இழுத்துத் தொறந்தோம். பீரோவுல அவ கல்யாணக் கூறைப்புடவை பூஞ்சை புடிச்சுப்போச்சு. அதை வெளிய எடுத்துப் போட்டு, அது பக்கத்துலயே உக்காந்துட்டா. எனக்கென்னமோ அந்த ஈரம் புடிச்சிருந்துச்சுங்க. பட்டறைல இருக்கறாப்புலயே இருந்துச்சு.

புடவைக்காக ஃபேனை எடுத்துட்டேன். நானும் மனுசந்தானுங்க. தொட்டியைக் கண்ணாடி மூடி போட்டு இறுக்கமா மூடிட்டேன். ஊடு காஞ்சுது. தண்ணி மறுக்கா முப்பத்திமூணு. தண்ணியைக் குளிர வெச்சா ஊடு நனையுது, ஊட்டைக் காய வெச்சா தண்ணி கொதிக்குது. இதுக்கு நடுவுல ஒரு நூல் அளவு வழி இருக்கும், அதைக் கண்டுபுடிக்கறவந்தான் மாஸ்டரு.

மொதல்ல சில்லர் வாங்குனேன். தண்ணியைக் குளிர்விக்கற மிசினு. தண்ணி சும்மா ஜில்லுன்னு ஆச்சு, ஆனா தண்ணில இருந்து எடுத்த சூட்டை அது ஹாலுக்குள்ள ஊதுச்சு. சூடு எங்கயும் அழிஞ்சு போறதில்லீங்க, எடம் மாறும், அவ்வளவுதான். இது பாய்லர்கிட்ட நின்ன எல்லாத்துக்கும் தெரியும். சாந்தாமணி முந்தானையால விசிறிட்டே சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நடப்பா. சமையக்கட்டே தேவலையாட்ட இருக்குதுங்கன்னு சொல்லுவா. நான் சிரிப்பேன். நல்லா வேடிக்கையாப் பேசுவா அவ.

கடைசில ஏசி. ஹாலு சன்னல் எல்லாத்தையும் ரப்பர் பட்டி ஒட்டி அடைச்சு, மூடில நாலு விரக்கடை மட்டும் தொறந்து விட்டு, ஏசியை இருபத்தேழுல வெச்சேன். ஈரத்தையும் உறிஞ்சும், தண்ணியும் இருபத்தொம்பதுல நிக்கும். ஒரு பெரிய நோட்டுப் போட்டு காலைல, மத்தியானம், பொழுதோட, படுக்கப் போறப்பன்னு நாலு வேளையும் எழுதுனேன். தண்ணி சூடு, ஹாலு சூடு, ஈரப்பதம். ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா பொய்யா எழுத மாட்டேன், "பார்க்கவில்லை"ன்னு எழுதுவேன். பட்டறைப் பழக்கம். மூணு வருசத்துல மொத்தமே ஆறு எடத்துலதானுங்க "பார்க்கவில்லை". அதுல ஒண்ணு மக கல்யாணத்தன்னிக்கு.

அப்பத்தானுங்க மீனு முட்டை வெச்சுது. திருப்பூர்ல, மே மாசத்துல, டிஸ்கஸ். அன்வரு கடையைச் சாத்திப்போட்டு ஓடி வந்தாரு. அந்தக் குஞ்சுகளுக்கு வெளித் தீனி ஆகாதுங்க, அப்பனாத்தா ஒடம்புல ஒரு பசையாட்ட ஊறும், அதைக் கொறிச்சுத்தான் வளரும். அப்பன் மேல கொஞ்ச நேரம், ஆத்தா மேல கொஞ்ச நேரம். நான் சோறு திங்காம பார்த்துட்டிருந்தேன். சாந்தா, இங்க பாரு, ஆத்தாளை எப்படி மொய்க்குதுக பாருன்னு கூப்புட்டேன். அவ வந்து பார்த்தா. பாவமுங்க அது, கொஞ்ச நேரம் தனியா வுடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

இந்த வருசம் பங்குனில ஒரு கூத்து ஆரம்பிச்சுது. மத்தியானம் நான் பனியன் சங்கத்து ஆபீசுக்குப் போயி நாலு பேரோட பேசிட்டு அஞ்சு மணிக்கு வருவேன். வந்து விரலை விட்டா இருபத்தாறு. ஒரு நாளு இருபத்தஞ்சரை. மீனெல்லாம் கருத்து மூலைல நிக்குது. ஏசியைப் பார்த்தா இருபத்தேழுலதான் இருக்குது. எனக்கு ஒண்ணும் ஓடலை. தண்ணில ஹீட்டரைப் போட்டேன். மேல ஏசி ஓடுது, கீழ ஹீட்டரு ஓடுது, அப்பவும் இருபத்தாறு.

அதோட இன்னொண்ணு. ஹாலு பக்கத்துக் கண்ணாடில, இந்த ஒசரத்துல, நாம உக்காந்தா நம்ம தலை வர்ற ஒசரம், அங்க தெனமும் செகப்பா ஒரு தீத்தல், விரல்ல இழுவுனாப்புல. தொடைச்சு விட்டா அடுத்த நாளு மறுக்கா. சுவத்துக் கம்பில துரு ஏறி, கண்ணாடி ஒட்டு வழியாக் கசியுதோன்னு பயந்துட்டேன். ஆயிரத்தி ஐநூறு லிட்டரு ஒடைஞ்சா ஹாலு ஏரியாயிருமே. அன்வரைக் கூட்டியாந்து காட்டுனேன். அவரு டார்ச்சு அடிச்சுப் பார்த்தாரு, நகத்துல சொரண்டிப் பார்த்தாரு, மோந்து பார்த்தாரு.

"மாஸ்டர், இது துரு இல்லீங்க," ன்னாரு. "பின்ன?" "குங்குமம்."

எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க? சாந்தாமணி மீனைக் கும்புடறா! மூணு வருசமா மீனுப் பக்கம் திரும்பாதவ, நெத்தியைக் கண்ணாடில வெச்சுக் கும்புடறா. நான் அன்வரைக் கட்டிப் புடிச்சுட்டேன். சங்கத்துல எல்லாருக்கும் சொன்னேன். அவளுக்குன்னு ஒரு சின்ன ஸ்டூலு, அதுக்கு மெத்தை தெச்சு, தொட்டி முன்னால போட்டு வெச்சேன். அவ ஸ்டூலைப் பார்த்தா, என்னையப் பார்த்தா. உக்காருன்னேன், உக்காந்தா. கண்ணு கலங்கிருச்சுங்க அவளுக்கு. எனக்கும் கலங்கிருச்சு.

ஆனா நான் இல்லாதப்ப ஏசியைக் கொறைச்சு வெக்கற திருடன் யாருன்னு மட்டும் தெரியலை. ஊட்டு வேலைக்கு வர்ற துளசி மேல சந்தேகம். ரிமோட்டை ஒளிச்சு வெச்சேன். எங்க தெரியுங்களா? சாமி அலமாரில, முருகர் படத்துக்குப் பின்னால. அங்க போயி யாரு தேடப் போறா?

சிரிக்காதீங்க. தெனம் வெளக்கு வெக்கறவ யாருங்கறது எனக்கு அப்பத் தோணலை.

ஒரு நாளு சங்கத்துல யாரும் வரலை, மூணு மணிக்கே திரும்பிட்டேன். கதவைத் தொறந்தா மூஞ்சில ஐஸ் அடிச்சாப்புல குளிரு. ஏசி பதினெட்டு. சாந்தாமணி ஸ்டூல்ல உக்காந்து நெத்தியைக் கண்ணாடில ஒட்ட வெச்சுக் கண்ணை மூடியிருக்கறா. அந்தக் குளிர்லயும் ஜாக்கெட்டு முதுகு தொப்பலா நனைஞ்சிருக்குது. கழுத்துல வேர்வை ஓடுது. மடில ரிமோட்டு.

நான் என்ன கேட்டிருக்கோணும்? உங்களுக்குத் தெரியுது, உங்க மூஞ்சிலயே தெரியுது. நான் என்ன கேட்டேன் தெரியுங்களா? செருப்பைக் கூடக் கழட்டாம நேராப் போயி தொட்டில விரலை விட்டு, "இருபத்தஞ்சு. குஞ்செல்லாம் என்னத்துக்காகறது, சாந்தா?" ன்னு கேட்டேன்.

அவ கண்ணைத் தொறந்தா. முந்தானையால கழுத்தைத் தொடைச்சா. ரிமோட்டை எடுத்து, ஒவ்வொண்ணா அமுத்தி அமுத்தி இருபத்தேழுக்குக் கொண்டாந்தா. எங்கையில குடுத்துப்போட்டு எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயிட்டா. கோவம்னா கத்தோணுமில்லீங்க? கத்தலை. அதனால எனக்குக் கோவம்னே தெரியலை. மீனுக்கு மருந்து போடறதுல இருந்துட்டேன்.

அடுத்த நாள் காலைல பை எடுத்து வெச்சிருந்தா. கோத்தகிரில தங்கச்சி இருக்குது, தங்கச்சி ஊட்டுக்காரரு டீ பேக்டரில இருக்கறாரு. கொஞ்ச நாளு இருந்துட்டு வர்றனுங்கன்னா. சரின்னேன். பஸ் ஏத்திட்டு வந்து காலை டிகிரி எழுதலாம்னு நோட்டைத் தொறந்தா, அந்தக் கட்டத்துல அவ கையெழுத்து. அவளுக்கு முத்து முத்தான கையெழுத்துங்க.

"சாந்தாமணி: பார்க்கவில்லை."

அவ்வளவுதான். காலை, மத்தியானம், பொழுதோட, ராத்திரி, நாலு கட்டத்துலயும் அதேதான்.

இதைச் சொன்னா நீங்க என்னைய அடிப்பீங்க. நான் மொதல்ல என்ன நெனைச்சேன்னா, சாந்தாமணிங்கற பேர்ல நம்மகிட்ட மீனு எதுவும் இல்லையேன்னு நெனைச்சேன். நெசமாலுமே ஒரு நிமிசம் அப்படித்தான் யோசிச்சேன். அதுக்கப்பறம் நோட்டை மூடி வெச்சுட்டேன்.

ஒரு வாரமாச்சு, பத்து நாளாச்சு, அவ வரலை. போன் பண்ணுனா தங்கச்சி எடுக்கும். அக்கா நல்லா இருக்குதுங்க மாமா, நாள் பூரா சன்னலோரத்துலயே உக்காந்திருக்குதுங்கன்னு சொல்லும். சன்னல்ல என்னங்க இருக்குது? தொட்டியா இருக்குது? மகளுக்குப் போன் போட்டேன். தாரணி, ஓசூர்ல இருக்கறா. அம்முணி, உங்கம்மா எதுக்கு இப்படிப் பண்றான்னு கேட்டேன். அவ திருப்பி என்னையக் கேட்டா.

"அப்பா, அம்மாவுக்கு ரெண்டு வருசமா ஒடம்பு எரியுது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்கு இதைச் சொல்லக் கூச்சமா இருக்குதுங்க, இருந்தாலும் நீங்க வெளியூரு, மறுக்காப் பார்க்கப் போறதில்லை. பொம்பளைங்களுக்கு மாசா மாசம் வர்றது நிக்கற வயசுல அப்படி ஆகுமாமுங்க. திடீர்னு உள்ளுக்குள்ள இருந்தே சூடு கெளம்புமாம். மூஞ்சி, கழுத்து, முதுகெல்லாம் எரிஞ்சு வேர்த்துக் கொட்டி, கொஞ்ச நேரத்துல அடங்குமாம். மறுக்கா வருமாம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. ரெண்டு தடவை தனியா டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்திருக்கறா. எப்ப போனா, எனக்குத் தெரியலையேன்னேன். "குஞ்சு பொரிச்சுதுல்ல, அந்த வாரம்" ன்னு சொன்னா மக. "நான் டிகிரி டிகிரியாச் சொல்லியும் அவருக்கு ஏறலை கண்ணு, அவரு விரலு தண்ணியோட நின்னுபோச்சு, அப்படின்னு அம்மா சொன்னாங்கப்பா."

எனக்கு வெக்கமாப் போச்சுங்க. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. முப்பத்தோரு வருசம் சூட்டைக் கண்டுபுடிச்சுச் சோறு தின்னவன். மிசினு ஊதுன சூட்டை அவ பக்கம் திருப்பி விட்டவன் நானு. அன்னிக்குப் பூராத் தொட்டிக்கு முன்னால, அவ ஸ்டூல்லயே உக்காந்திருந்தேன். கண்ணாடில நெத்தியை வெச்சுப் பார்த்தேன். குளுகுளுன்னுதான் இருந்துச்சு. அவ மீனைக் கும்புடலை.

அதுக்கப்பறம்தானுங்க மண்டைல பல்பு எரிஞ்சுது. இது மாஸ்டர் வேலை. நான் இத்தனை நாளும் ஏசியை மீனுக்குத் தக்கன வெச்சிருக்கறேன். ஏசிக்குத் தக்கன மீனை மாத்துனா? உலகத்துல இருபது டிகிரில நிக்கற தண்ணிதான் வேணும்னு கேக்கற மீனு இல்லையா? இருக்குது! கோல்டு ஃபிஷ்! சின்னப் புள்ளைங்க கண்ணாடிக் கிண்ணத்துல வளத்தறது! நான் ஏளனமாப் பார்த்த மீனு. அதுக்குக் குளுந்த தண்ணிதான் ஒடம்புக்கு ஆகும். நம்ம ஊரு சூட்டுலதான் அது பாதி நாளு செத்துப்போகுது.

அன்வருக்கு ஆள் அனுப்பி டிஸ்கஸை எல்லாம் எடுத்துட்டுப் போயிருங்கன்னேன். அவரு நம்பலை. குஞ்சு பொரிச்ச ஜோடியுமாங்க மாஸ்டருன்னாரு. அந்த ஜோடியைத்தான் மொதல்லன்னேன். அவரு வலையைப் போட்டுப் புடிக்கறப்ப நான் சமையக்கட்டுக்குப் போயிட்டேன். மூக்கு ஒழுகுச்சு, ஏசிக் குளிருன்னு சொன்னேன். ஏசி அப்ப ஓடலை, அன்வரும் கேக்கலை. பொழுதோட முப்பது கோல்டு ஃபிஷ் கொண்டாந்து விட்டாரு. குண்டுக் குண்டா, வாலை ஆட்டிட்டு, அறிவே இல்லாத மூஞ்சி. பார்க்கப் பார்க்க எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

ஏசியை இருபதுல வெச்சேன். தண்ணி இருபத்தொண்ணு. மீனெல்லாம் குதியாட்டம் போடுது. ஆனா எனக்குத்தான் தாங்கலை. நான் பாய்லர்கிட்டயே வளந்த ஒடம்பு, இருபத்தஞ்சுக்குக் கீழ போனா பல்லு தந்தியடிக்கும். அதனால பழகறேன். மொத நாளு இருபத்தஞ்சு, அடுத்த நாளு இருபத்திநாலு, இப்படி ஒவ்வொண்ணா எறங்கி, மத்தியானம் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் உக்காந்து பழகுனேன். மங்கி குல்லா, கம்பளி, காலுறை. டிவில வெயிலுக்கு மோரு குடிங்கன்னு சொல்றாங்க, நான் சுக்குக் காப்பி குடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். நேத்து இருபதுல மூணு மணி நேரம் முழுசா இருந்துட்டேங்க! தும்மல் நாலே நாலுதான்.

எல்லாம் மீனுக்குத்தான். அப்படித்தான் சொல்லப் போறேன் அவகிட்ட. சாந்தா, இந்த மீனுக்கு இருபதுலதான் இருக்கோணுமாமா, நான் என்ன பண்ணட்டும்னு. இல்லாட்டி, எனக்காக எதுக்குங்க இதெல்லாம்னு ஆரம்பிச்சுருவா. மீனுக்குன்னா ஒண்ணும் சொல்ல மாட்டா. மூணு வருசமாச் சொல்லலையே.

அந்தக் கேள்வி! சொல்றேன், சொல்றேன். நேத்து அவ மகளுக்குப் போன் பண்ணியிருக்கறா. என்னமோ பேசியிருக்கறாங்க, கடைசில வெக்கறப்ப கேட்டாளாம், "ஏங் கண்ணு, ஊட்டுல இப்ப எத்தனை டிகிரியாமா?"

பார்த்தீங்களா? ஊட்டுல எத்தனை டிகிரி! வராதவ எதுக்குங்க கேக்கறா? வராதவளுக்கு அந்த ஊட்டு டிகிரி எதுக்கு? தாரணி அடுத்த நிமிசமே எனக்குப் போன் பண்ணுனா. இருபதுல வெச்சிருக்கறேன்னு சொல்லு அம்முணி, இருபதுலன்னு நான் கத்துன கத்துல தொட்டில மீனெல்லாம் ஓடி ஒளிஞ்சுது. காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன். நான் வர்றேன்னு மக அவகிட்டச் சொல்லியிருக்கறா. அவ வாங்கன்னும் சொல்லலையாம். வேண்டாம்னும் சொல்லலையாம்.

மக ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்பிச்சா. அப்பா, போனதும் அம்மா நெத்தியில கையை வெச்சுப் பாருங்க. வெச்சுப்போட்டு டிகிரி சொல்லாதீங்க. தயவுசெஞ்சு டிகிரி மட்டும் சொல்லிப்போடாதீங்கப்பான்னா. அதுதான் எனக்குக் கஷ்டமுங்க. விரலு பட்டா வாயில நம்பர் வந்துருது. நீங்க கையைக் கொஞ்சம் குடுங்க, ஒரு தடவை பழகிக்கறேன். பயப்படாதீங்க, இப்படி மணிக்கட்டுல வெக்கறேன், அவ்வளவுதான். ம். முப்பத்தாறரை.

பார்த்தீங்களா, வந்துருச்சு. மறுக்கா குடுங்க.

ம்.

இந்தத் தடவை சொல்லலை. மனசுக்குள்ளதான் சொன்னேன்.

அரவேணு தாண்டியாச்சா? அப்ப இன்னும் பத்து நிமிசந்தான். நல்ல குளிருங்க. உங்க சால்வையை நல்லாப் போத்திக்குங்க. எனக்கு ஒண்ணும் பண்ணலை பாருங்க, குல்லாயைக் கூடக் கழட்டிடலாம். கழட்டிடறேன். மங்கி குல்லாயோட போயி நின்னா அவ சிரிப்பா. சிரிச்சாச் சிரிக்கட்டும், ஆனாலும் தலை சீவியிருக்கறேனே, அது தெரியோணுமில்ல?

தங்கச்சி ஊடு பஸ் ஸ்டாண்டுல இருந்து கொஞ்சம் மேல ஏறோணும். ஊட்டுல வெச்சு என்ன பேசறதுன்னு வழி பூரா யோசிச்சு வெச்சிருக்கறேன். மொதல்ல மீனு. அப்பறம் ஏசி. அப்பறம் நோட்டு. நோட்டையும் எடுத்தாந்திருக்கறேனுங்க, பையில இருக்குது. அவ எழுதுன பக்கத்துக்கு அடுத்த பக்கம் புதுசா ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கறேன், அவ பேருக்கு. நாலு வேளையும். அதைக் காட்டலாமா, வேண்டாமாங்க? மக சொன்னதுக்கு இது விரோதமா? டிகிரி எழுத மாட்டேன், "பார்த்தேன்"னு மட்டும் போடுவேன்.

வந்தாச்சு, வந்தாச்சு. எறங்கலாம். எல்லாரும் சொட்டரு, மப்ளரு, குல்லா. நீங்க மின்னாடி போங்க, நான் பையை எடுத்துக்கறேன்.

செத்த நில்லுங்க.

அங்க பாருங்க. டீக்கடைக்கு அக்கட்டால, அந்தக் கம்பத்துக்கிட்ட. ஊரே நடுங்கிட்டு நிக்குது, ஒருத்தி மட்டும் முந்தானையால விசிறிட்டு நிக்கறா பாருங்க. அவதானுங்க. அவதான் சாந்தாமணி. பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டா.

நம்ம பஸ்ஸைத்தான் பார்க்கறா. என்னையக் கண்டுட்டா. விசிறறதை நிறுத்தலை, ஆனா பார்த்துட்டா.

பேசறதுக்கு யோசிச்சு வெச்சதெல்லாம் போச்சுங்க. மீனு, ஏசி, ஒண்ணும் ஞாபகம் இல்லை. இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க, நான் கையைத் துடைச்சுக்கறேன். தொட்டில விரலை விடறதுக்கு மின்னாடி எப்பவும் வேட்டில நல்லாத் துடைச்சுக்குவேன், பழக்கம்.

வெச்சுப் பார்க்கப் போறேன். இங்கயே, இத்தனை பேரு மின்னாடியே. எத்தனை இருந்தாலும் வாயைத் தொறக்க மாட்டேன்.